பங்கு வைத்த செயின்

அட்டைப்பெட்டிக்குள் மோட்டார் சைக்கிள் சாமான் என்று ஒரு பல்சக்கரம் மட்டும் கிடந்தது.

அகோயா பெட்டியைக் கவிழ்த்து உதறினாள். பழைய செய்தித்தாள் உருண்டைகள் விழுந்தன. மகளுக்கு ஒரு பூப்போட்ட சட்டை, கொஞ்சம் சோப்புக்கட்டி. வேறொன்றும் இல்லை.

அவள் புருஷன் யோத்தேபா குடிசைக்கு வெளியே குந்தியிருந்து மீன் செதில் சீவிக்கொண்டிருந்தான். பெட்டி கவிழ்ந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. நிமிரவில்லை. செதில் போன இடத்திலேயே மறுபடி சீவினான்.

"மிச்சம் எங்க?"

"என்ன மிச்சம்?"

"செயின் எங்க? முன்னாடி மாட்டுற சின்னச் சக்கரம் எங்க? மூணும் சேர்ந்துதான் ஒரு செட்டு. தங்கச்சி ரூத்தா போன்ல தெளிவாச் சொன்னா."

"பெருசு இருக்குல்ல உள்ள."

"பெருசு இருக்கு. நான் மிச்சத்தைக் கேட்டேன்."

யோத்தேபா கத்தியை அலசினான். "பெரியண்ணன் வந்திருந்தாரு. சும்மாதான் வந்தாரு. மழையைப் பத்திப் பேசிட்டிருந்தோம். கெளம்புறப்ப செயினைக் கேட்டாரு."

"குடுத்துட்டீங்க."

"கேட்டாரு, அகோயா."

"அப்புறம்?"

"அவரு போன கொஞ்ச நேரத்துல நம்ம சித்தப்பா மகன் கௌத்து வந்தான்."

"அவனுக்கு யாரு சொன்னா?"

"கப்பல்லேருந்து பெட்டி இறங்கினதை ஊரே பாத்துச்சு. அவன் சின்னதைக் கேட்டான். பெருசை நான் விடல." இதைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்தான். முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. "நல்ல பங்கை நமக்கு வச்சிட்டேன்."

அகோயா பல்சக்கரத்தைக் கையில் எடுத்தாள். பற்கள் ஒன்றுபோல நிமிர்ந்து நின்றன. எண்ணெய்ப் பூச்சுகூடக் கலையவில்லை.

"ஆமை வெட்டினா பங்கு வைக்கிறதில்லையா?" என்றான் யோத்தேபா.

"வெட்டின ஆமை மேல ஏறி நான் தண்ணிக்குப் போறதில்ல."

"மெதுவாப் பேசு. பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும். எல்லாரும் நல்லாத்தான் கேக்குறாங்க. குடுக்கத்தான் நீங்க இருக்கீங்களே."

உறவுக்காரன் கேட்டுவிட்டால் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் புபுசி. சட்டையைக் கேட்டாலும், பன்றியைக் கேட்டாலும், படகைக் கேட்டாலும் அதுதான். இல்லை என்று சொன்னவனை யாரும் அடிக்க மாட்டார்கள். அவன் பெயரைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள், அவ்வளவுதான். அந்தத் தாழ்ந்த குரலுக்கு யோத்தேபா பயந்தான். அவன் அப்பாவும் பயந்தார். தீவில் எல்லோருமே பயந்தார்கள். அகோயாவும் அதே தீவுக்காரிதான். ஆனால் அவள் பேஸோ துறைமுகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். அங்கே செயினை அறுத்துக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்த்திருந்தாள்.

மழை பெய்து பல மாதம் ஆகியிருந்தது. மாதா கோயில் தொட்டி அடிமண் தெரியக் காய்ந்துவிட்டது. ஊர்க் கிணறுகளில் கடல் ஏறிவிட்டது. அரிசி வேகவைத்தால் உப்புப் போட வேண்டியதில்லை. தென்னைகள் குரும்பையை உதிர்த்தன. இளநீர் அரிதாகிவிட்டது. பதநீர்ப் பானையில் அடி நனைகிற அளவுக்குத்தான் இறங்கியது. பெரியவர்கள் உப்புத் தண்ணீரைக் குடித்து முகம் சுளித்தார்கள். நாலு வயது மகள் தெபெயாவால் முடியவில்லை. குடித்ததெல்லாம் வயிற்றால் போனது. கன்னம் ஒட்டி, கண் பெரிதாகிவிட்டது.

கிளினிக்கில் இருந்த நர்சம்மா, பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். தோல் கிள்ளியபடியே நின்றது. "மருந்துப் பொடி தரேன். ஆனா அதைக் கலக்கிறதுக்கு நல்ல தண்ணி வேணும். உங்க கிணத்துத் தண்ணியில கலக்கினா கொல்ற மாதிரிதான்," என்றாள்.

நல்ல தண்ணீர் தீவின் வடக்குத் துண்டில் இருந்தது. இரண்டு தீவுத்துண்டுகளுக்கும் நடுவே கடவு. கடல் வற்றும்போது அது ஈர மணல்வெளி, ஏறும்போது ஆள் மட்டத்துக்கு நீரோட்டம். காலை வற்றத்தில் ஒருமுறை, சாயந்திர வற்றத்தில் ஒருமுறை கடக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் அகோயா மோட்டார் சைக்கிளின் பின்னால் இழுவண்டியைக் கட்டி, இரண்டு நீல ட்ரம்களோடு போய் வந்தாள். அவள் வண்டியில் வந்த தண்ணீர்தான் பக்கத்து வீடுகளுக்கும் குவளை குவளையாகப் போனது. அவர்களும் கேட்டார்கள். அவளும் கொடுத்தாள். தண்ணீரைப் பங்கு வைப்பதில் அவளுக்குக் கோபமில்லை.

அவள் கோபம் வேறு.

செயின் நீண்டுபோச்சு என்று எல்லோரும் சொல்வார்கள். இரும்பு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கிற ஊசிகள் தேய்கின்றன. ஒரு ஊசி தேய்ந்தால் தெரியாது. எல்லா ஊசியும் மயிரளவு தேய்ந்தால் செயின் ஒரு கண்ணி அளவுக்கு நீண்டுவிடும். அப்போது அது பல்லின் அடியில் உட்காராது. பல்லின் தோளில் ஏறி உட்காரும். அங்கிருந்து இழுக்க இழுக்கப் பல்லும் ஒருபக்கம் தேய்ந்து சுறாத் துடுப்பு மாதிரி சாயும். தேய்ந்த செயினும் தேய்ந்த பல்லும் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் ஓடும். சாய்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால் சுமை ஏறியதும் தாவும். புதுப் பல்லில் பழைய செயினைப் போட்டால் புதுப் பல்லைத் தன் அளவுக்குத் தேய்த்துவிட்டுத்தான் ஓயும். அதனால்தான் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். தேய்வதென்றால் மூன்றும் சேர்ந்து தேய வேண்டும்.

பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரமாக அவள் தங்கையிடம் கேட்டதும் தண்ணீருக்காகத்தான். பின்னால் பல் கூடினால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், இழுப்பு கூடும். ஈர மணலில் இரண்டு ட்ரம் இழுக்க வேகம் எதற்கு? ரூத்தா ஆஸ்திரேலியாவில் பழத்தோட்டத்தில் குனிந்து குனிந்து வேலை பார்க்கிறவள். ஒரு விடுமுறை நாள் முழுக்க மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியதாகச் சொன்னாள்.

"இந்தப் பெருசை நான் என்ன செய்ய?" என்றாள் அகோயா. "என் பழைய செயின் இதைச் சுத்தி எட்டவே எட்டாது. ஏற்கெனவே கண்ணி கழட்டி இழுத்துக் கட்டியிருக்கேன். சொல்லுங்க, என்ன செய்ய? கழுத்துல மாட்டிக்கவா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது."

"தெரியாதவரு என்கிட்டக் கேட்டிருக்கணும். எல்லாரும் உங்ககிட்டக் கேப்பாங்க. நீங்க மட்டும் யார்கிட்டயும் கேக்க மாட்டீங்க."

யோத்தேபா மீனை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனான். தெபெயா பாயில் சுருண்டு படுத்திருந்தாள். புதுச் சட்டையை மேலே போட்டுக் காட்டியபோது ஒரு கை மட்டும் நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை வற்றத்துக்கு அகோயா பழைய செயினோடுதான் போனாள். வேறு வழியில்லை. போகும்போது ட்ரம்கள் காலி. வண்டி முனகிக்கொண்டே கடந்துவிட்டது. வடக்குக் கிணற்றில் வரிசை. வாளி வாளியாக இறைத்து ஊற்றி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. கடவுக்கு வந்தபோது கடல் திரும்பியிருந்தது. ஓரங்களில் மணல் பளபளத்தது.

முதல் கியரில் போட்டு மெல்ல விட்டாள். நடுக்கடவில் ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்திலிருந்து ஏறும்போது பின்னால் 'டக்' என்றது. பிறகு 'டக் டக்' என்றது. செயின் பல் மேல் ஏறித் தாவுகிறது. அவள் கைப்பிடியைத் தளர்த்தி மறுபடி மெல்ல முறுக்கினாள். எஞ்சின் கத்தியது, சக்கரம் சுற்றவில்லை. இன்னொரு 'டக்'. அதோடு செயின் அறுந்து சவுக்கு மாதிரிச் சுழன்று அவள் கெண்டைக்காலில் அடித்தது.

ரத்தத்தைப் பார்த்தாள். அப்புறம் கடலைப் பார்த்தாள். மேற்கே நுரைக்கோடு ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

தள்ளிப் பார்த்தாள். வண்டி அசையவில்லை. இழுவண்டியின் சக்கரங்கள் மணலில் புதைந்திருந்தன. ஒரு ட்ரம்மின் மூடியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அப்புறம் ட்ரம்மைச் சாய்த்தாள். நல்ல தண்ணீர் மணலில் குழி பறித்துக்கொண்டு ஓடிக் கடலில் கலந்தது. மறுபடி தள்ளினாள். இன்னும் அசையவில்லை. இரண்டாவது ட்ரம்மிலும் அடியில் கொஞ்சம் விட்டு மீதியை ஊற்றினாள். ஊற்றும்போது அவள் வாய் ஓயவில்லை. செயினை வாங்கிப்போன பெரியண்ணன் தாமுவேராவைத் திட்டினாள். கௌத்துவைத் திட்டினாள். யோத்தேபாவைத் திட்டினாள். அவன் தாயை, அவனுக்கு ஆமைக்கறி பங்கு வைக்கக் கற்றுக்கொடுத்தவர்களைத் திட்டினாள். கடவில் கேட்க யாருமில்லை.

வண்டியைத் தள்ளிக் கரையேறியபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. கொண்டுவந்தது பானை அளவுதான். நர்சம்மா கொடுத்த பொடியைக் கலந்து பிள்ளைக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். யோத்தேபா அவள் காலில் இலையை அரைத்துக் கட்ட வந்தான். காலை இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு இதுவும் தீந்துரும்," என்றாள். "அப்ப உன் அண்ணன்கிட்டப் போயிக் கேளு, புள்ளைக்கு என்னத்தைக் குடுக்கன்னு."

அவள் அவனை 'நீ' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயந்திரம் ஊர்க்கூடமான மனேயபாவில் கிணறுகளைப் பற்றிக் கூட்டம். தாழ்ந்த ஓலைக்கூரைக்குக் கீழே ஒவ்வொரு குடும்பமும் தன் தன் இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். அகோயா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு யோத்தேபாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். புதுக் கிணறு தோண்டுவதா, தலைநகர் தராவாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்பதா என்று பேச்சு சுற்றியது. பதில் தெரியாத பேச்சானதால் சீக்கிரம் வேறு பக்கம் திரும்பியது.

யோத்தேபாவின் அண்ணன் தாமுவேரா கனத்த உடம்புக்காரர், கூட்டத்தைச் சிரிக்க வைப்பவர். "நானும் வடக்கே போயித் தண்ணி கொண்டாரலாம்னு பாத்தேன்," என்றார். "புதுச் செயின் மாட்டினேன். ஆஸ்திரேலியா செயின்! ஆளு ஏறி உக்காந்தா நண்டு மாதிரித் தாவுது. முன்ன பாத்து முறுக்கினா சைடுல போகுது. அங்கயும் போலிச் சரக்கு விக்க ஆரம்பிச்சுட்டாங்க போல."

கூட்டம் சிரித்தது. "ரூத்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கி ஏமாந்துட்டா," என்று ஒருவர் எடுத்துக்கொடுத்தார். இன்னும் சிரித்தார்கள்.

அகோயா பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"உக்காரு," என்றான் யோத்தேபா, உதடு அசையாமல்.

"பெரியத்தான், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள்.

சிரிப்பு நின்றது. கேட்பதென்றால் உட்கார்ந்து, தணிந்து, சுற்றிவளைத்துக் கேட்க வேண்டும். நின்றுகொண்டு கேட்பதில்லை. அதுவும் பின்வரிசையிலிருந்து.

"கேளும்மா," என்றார் தாமுவேரா.

"அந்தச் செயினை எனக்குக் குடுங்க."

தாமுவேராவின் மனைவி மோயா எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். "என்னடி இது? குடுத்ததைத் திருப்பிக் கேக்குறியா? எங்கயாச்சும் உண்டா?" என்றாள்.

"நான் குடுக்கலக்கா. குடுத்தது உங்க கொழுந்தன். நான் இப்பத்தான் முதல் தடவையாக் கேக்குறேன்." அகோயாவின் குரல் நடுங்கியது. பயத்தால் என்று சிலர் நினைத்தார்கள். "கேட்டா குடுக்கணுமா வேண்டாமா? ஆம்பளைங்க கேட்டா மட்டும்தான் குடுக்கணுமா? சொல்லுங்க, தெரிஞ்சிக்கிறேன்."

மோயா பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"ரூத்தா அனுப்பினது போலியில்ல. நல்ல செட்டு. அதை மூணு வீடாப் பிச்சீங்க. உங்க வண்டியில பல்லு சாஞ்சு கிடக்கு, அதுல புதுச் செயின் எப்படி நிக்கும்? கௌத்து வண்டியில பழைய செயின் கிடக்கு, அது புதுப் பல்லை அரம் மாதிரி அராவிட்டிருக்கு. என்கிட்ட இருக்கிற பெருசை ஆணியில மாட்டி அழகு பாக்கலாம். மீனை வெட்டினா தலை ஒரு வீட்டுக்கு, வாலு ஒரு வீட்டுக்கு. எல்லா வீட்டுலயும் பானை கொதிக்கும். இதை வெட்டினா யாரு வீட்டுலயும் கொதிக்காது. உங்களுக்கும் ஓடல. அவனுக்கும் ஓடாது. எனக்கு நடுக்கடவுல அறுந்துச்சு. ரெண்டு ட்ரம் தண்ணியைக் கடல்ல ஊத்திட்டு வந்தேன். எம்புள்ளையைப் பாருங்க. தூக்கிப் பாருங்க யாராச்சும். கூடை மாதிரி இருப்பா."

பிள்ளையை வைத்திருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தாமுவேரா தன் உள்ளங்கையைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில கழட்டித் தரேன்," என்றார்.

"இப்பக் குடுங்க."

அவர் எழுந்தார். மனேயபாவின் கூரைக்கு வெளியே தென்னையில் சாய்த்திருந்த வண்டியருகே போனார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, குறடால் இணைப்புக் கொக்கியை நெம்பி, செயினை உருவினார். கை முழுக்கக் கறுப்பு. கொண்டுவந்து அகோயாவின் காலடியில் போட்டார். வைக்கவில்லை, போட்டார்.

அகோயா அதைத் தூக்கிப் பார்த்தாள். "குறையுதே."

"நீளமா இருந்துச்சு. எங்க வண்டிக்கு அளவா வெட்டினேன்."

"வெட்டின துண்டு?"

தாமுவேரா தம்பியைப் பார்த்தார். யோத்தேபா பாயின் பின்னலைப் பார்த்தான்.

"தூண்டில் கயித்துக்குக் கனம் வேணும்னு உன் புருஷன்தான் வந்து கேட்டு வாங்கிட்டுப் போனான்."

மனேயபா அதிர்ந்தது. கிழவர்கள் இருமிச் சிரித்தார்கள். மோயாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். அகோயா மட்டும் சிரிக்கவில்லை. புருஷனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது சிவந்திருந்தது.

வெளியே வந்தபோது கௌத்து ஓடிவந்தான். இடுப்புத்துணி மடிப்பிலிருந்து சின்னச் சக்கரத்தை எடுத்து நீட்டினான். "மதினி, என்னைக் கேட்டுடாதீங்க. நீங்க பேச ஆரம்பிச்சதுமே பின்பக்கமாப் போயிக் கழட்டிட்டேன்."

"பல்லைக் காட்டாத. பல்லைக் குடு," என்றாள்.

விடிந்ததும் பின்சக்கரத்தைக் கழற்றினாள். சாய்ந்த பல்சக்கரத்தை எடுத்துவிட்டுப் பெரியதை வைத்து முடுக்கினாள். சின்னதை எஞ்சின் தண்டில் ஏற்றினாள். பழைய செயினில் நல்லதாக ஒரு கொக்கிக் கண்ணி தேறியது. யோத்தேபா தூண்டில் கயிற்றிலிருந்து அவிழ்த்த துண்டை மண்ணெண்ணெயில் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவள் கேட்கவில்லை. இரண்டு முனைகளையும் சேர்த்து, துண்டைக் கோத்து, கொக்கியின் வாய் ஓட்டத்துக்குப் பின்னோக்கி இருக்கும்படி மாட்டினாள். செயினின் நடுவில் விரலைக் கொடுத்துத் தூக்கினாள். கட்டைவிரல் அகலத்துக்கு எழும்பியது. அந்தத் தளர்வு வேண்டும். இழுத்துக் கட்டினால் இன்னும் சீக்கிரம் தேயும்.

சக்கரத்தைக் கையால் சுற்றினாள். ஒவ்வொரு கண்ணியும் ஒவ்வொரு பல்லின் அடியிலும் போய் உட்கார்ந்து எழுந்தது. சத்தமே இல்லை.

"நல்லா இருக்கு," என்றான் யோத்தேபா.

"ஆமா. ஒண்ணா இருந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றாள். இன்னும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று இரண்டு ட்ரம்மும் தளும்பத் தளும்பக் கடவைக் கடந்தன. பள்ளத்தில் வண்டி நடைவேகத்தில் முனகாமல் ஏறியது. அடுத்த பயணமும் அப்படியே. தெபெயாவின் வயிறு நின்றது. சோற்றை வாங்கிக்கொண்டாள். கறிப்பலாத் துண்டைக் கேட்டு அழுதாள். அழுகையில் கண்ணீர் வந்தது. நர்சம்மா கிள்ளிப் பார்த்தபோது தோல் படிந்தது.

அகோயாவின் வீட்டில் ட்ரம்கள் நிறைந்து நின்றன. யாரும் வரவில்லை.

முதலில் அவளுக்கு அது உறைக்கவில்லை. முன்பெல்லாம் அவள் வண்டிச் சத்தம் கேட்டதும் குவளையோடு யாராவது வருவார்கள். நெருப்புக்கு வருவார்கள், ஊசிக்கு வருவார்கள், ஒரு பிடி மாவுக்கு வருவார்கள். இப்போது பக்கத்து வீட்டுக்காரி உப்புத் தண்ணீரிலேயே பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சினாள். வேலி தாண்டிப் பார்க்கவில்லை. அகோயா கூப்பிட்டுக் கேட்டாள், "தண்ணி வேணுமா?" அவள் புன்னகைத்தாள். "இருக்கு, இருக்கு," என்றாள். எதுவும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

சாயந்திரம் யோத்தேபா மீன் கோத்த கயிற்றோடு வந்து அதைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தான். "கரையில ஒருத்தன் கேக்கல," என்றான். "அத்தனை மீன். நான் நிக்கிறேன். எல்லாரும் படகை மட்டும் பாக்குறாங்க. என்னைப் பாக்கல."

"நல்லதாப்போச்சு. நாமளே தின்போம்."

"அகோயா, கேக்க ஒரு உறவு இல்லாம இருக்கிறது செத்ததுக்குச் சமம்."

"செத்துருந்தா அவதான் செத்திருப்பா," என்று பாயைக் காட்டினாள். அவன் கயிற்றிலிருந்து மீனை உருவினான். ஆனால் அன்று மீன் அவளுக்கும் இறங்கவில்லை.

அடுத்த தடவை கடவில் மோயாவைப் பார்த்தாள். தோளில் கம்பு, கம்பின் இரண்டு முனையிலும் தண்ணீர் கேன். கணுக்கால் மட்டத்துக்குக் கடல் வந்துவிட்டது. மோயா ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் போய்க்கொண்டிருந்தாள். அகோயா வண்டியை மெதுவாக்கி, பக்கத்தில் ஓட்டினாள்.

"கேனை வண்டியில வைங்கக்கா."

மோயா முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டாள். கம்பை மறுதோளுக்கு மாற்றினாள். கேட்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அகோயா கைப்பிடியை முறுக்கினாள். கரைக்கு வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தாமுவேராவின் வீட்டு வாசலுக்கு ஓட்டினாள். ஒரு ட்ரம்மை இழுவண்டியிலிருந்து சரித்து இறக்கினாள். முதுகு பிடித்துக்கொண்டது. வீட்டில் யாருமில்லை. தாமுவேராவின் வண்டி செயின் இல்லாமல் கோழி எச்சம் படிந்து நின்றது. அவள் ட்ரம்மின் பக்கத்திலேயே வெயிலில் நின்றாள்.

மோயா வந்து சேர்ந்தாள். முட்டிவரை நனைந்திருந்தாள். ஒரு கேனில் பாதிக்கு மேல் சிந்தியிருந்தது.

"எதுக்கு இது?" என்றாள்.

"கேளுங்க."

"என்னத்தை?"

"தண்ணியக் கேளுங்க. என்கிட்டக் கேளுங்க. ஊரே வாயைத் தைச்சிட்டு உக்காந்திருக்கீங்க. கேக்காமயே என்னைக் கொல்லலாம்னு பாக்குறீங்களா?"

"நீ எம்புருஷனை ஊர் நடுவுல நாறடிச்ச."

"அவரு என்னைக் கடல் நடுவுல நிறுத்தினாரு."

"தெரியாமத்தானே கேட்டாரு?"

"தெரிஞ்சிக்கிட்டுக் கேளுங்க இனிமே! உங்க பழைய செயின் எங்க? அதைப் போட்டாவது ஓட்டியிருக்கலாமே?"

மோயா கம்பை இறக்கினாள். "பன்னியைக் கட்ட எடுத்தோம். துருப்பிடிச்சு அறுந்துருச்சு. பன்னியும் ஓடிப்போச்சு."

அகோயா வாயைத் திறந்தாள். "செயின்ல பன்னியைக் கட்டுவாங்களா யாராச்சும்?" என்று கத்தினாள்.

"கயிறு இல்லடி!" என்று மோயாவும் கத்தினாள்.

இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். மோயா ட்ரம்மின் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். பிறகு மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"கேக்குறேன்," என்றாள். "ஆனா தண்ணியை இல்ல. நீ சுமந்த தண்ணியை நான் குடிக்க மாட்டேன். வண்டியைக் கேக்குறேன். காலை வத்தம் உனக்கு, சாயந்திர வத்தம் எனக்கு."

அகோயாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. அது அவள் அண்ணன் வாங்கிக்கொடுத்த வண்டி. அவள் தங்கை அனுப்பிய செட்டு. இல்லை என்று சொல்லலாம். ஊரில் அதற்குமேல் அவளுக்கு இழக்க எதுவும் மிச்சமில்லை.

"எடுத்துக்கோங்க," என்றாள். அதுவும் கத்தலாகத்தான் வந்தது. "முழுசா எடுத்துக்கோங்க. ஒரு கண்ணியைக் கழட்டினீங்க, கையை ஒடிச்சிருவேன். கடவு தாண்டினதும் உப்பைத் துடைச்சு எண்ணெய் விடணும்."

"தெரியும்."

"தெரியாது. தெரிஞ்சிருந்தா பன்னியைக் கட்டியிருக்க மாட்டீங்க. வாங்க, காட்டுறேன். இப்பவே வாங்க."

"இதை என்ன பண்ண?" மோயா காலால் ட்ரம்மைத் தொட்டாள்.

"இன்னிக்கு மட்டும் குடிச்சுத் தொலைங்க."

மோயா ட்ரம்மை வீட்டு நிழலுக்கு உருட்டத் தொடங்கினாள். அது மணலில் சிக்கியது. அகோயா மறுபக்கம் போய்த் தோளைக் கொடுத்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே.